ஒரே பெயர், வேற வேற ஆள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்குப் பொது அறிவு வகுப்பு எடுக்கிறேன், போட்டி நடத்துகிறவர்களுக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கிற வேலையும் கூடவே உண்டு. பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது வருடத்திலோ ஊரிலோ இல்லை, ஆளில்தான். பெயர் சரியாக இருக்கும், ஆள் வேறு ஒருவராக இருப்பார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே பதிலோடு போடுகிறேன். உலகத்தில் இருக்கிற எல்லாப் பெயரையும் அள்ள முடியாது, அதனால் மலைநாட்டோடு ஏதாவது ஒரு பக்கமாவது தொடர்பு உள்ள பெயர்கள் மட்டும்.

ஜேம்ஸ் டெய்லர் என்று தேடினால் கிட்டாரோடு ஒருவர் வருகிறாரே, தேயிலை டெய்லர் பாட்டும் பாடினாரா?

இல்லை. கிட்டார் வைத்திருப்பவர் 1948இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிறந்த பாடகர், 1970களின் தொடக்கத்திலேயே உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். நம்முடைய டெய்லர் அவருக்கு நூறு வருடத்துக்கும் மேல் மூத்தவர். 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்து, 1852இல் பதினேழு வயதுகூட நிறையாத பையனாக இங்கே வந்து இறங்கினார். வந்தது கோப்பித் தோட்ட வேலைக்கு. 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், இலங்கையில் வியாபாரத்துக்கென்று பயிரிட்ட முதல் தேயிலை என்று அதைத்தான் கணக்கு வைக்கிறார்கள். 2017இல் 150 வருடக் கொண்டாட்டம் நடந்ததும் இந்தக் கணக்கில்தான்.

ஆரம்பத்தில் தொழிற்சாலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பங்களா வராந்தாவிலேயே மேசை போட்டு, கொழுந்தை அதில் கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அழுத்திக் கையாலேயே உருட்டியிருக்கிறார்கள், பிறகு களிமண் அடுப்பில் கரி நெருப்புக்கு மேலே கம்பித் தட்டு வைத்துக் காய வைத்திருக்கிறார்கள். 1869இலிருந்து இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தோட்டம் தோட்டமாக அழித்தபோது, மற்றத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு தேயிலைத் தோட்டம் ஏற்கனவே மலையில் இருந்தது. டெய்லருக்கு இவ்வளவு பெயர் வர அதுவும் ஒரு காரணம். 1873இல் லண்டனுக்குப் போனது 23 இறாத்தல்தான், இன்றைக்கு ஒரு ஆள் தலையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். 1892இல் அந்தத் தோட்டத்திலேயே இறந்து கண்டி மஹியாவயில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த 19 ஏக்கரில் கான் வெட்டி, குழி போட்டு, கன்று நட்ட நம் ஆட்களில் ஒருவர் பெயர்கூட பிள்ளைகள் கையில் இருக்கும் பொது அறிவுப் புத்தகங்களில் வருவதில்லை.

கிரிக்கெட்டிலும் ஒரு ஜேம்ஸ் டெய்லர் இருந்தாரே?

இருந்தார். 1990இல் பிறந்த இங்கிலாந்து துடுப்பாட்ட வீரர், குட்டையான ஆள், களத்தில் நல்ல சுறுசுறுப்பு. 2014 கடைசியில் இங்கிலாந்து அணியோடு இலங்கைக்கு வந்து கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலை மைதானத்திலும் ஆடினார். அப்படிப் பார்த்தால் மூன்று டெய்லர்களில் இரண்டு பேர் கண்டிப் பக்கம் வந்துபோனவர்கள், போட்டிக்குக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு இது நல்ல தீனி. 2016இல் இதய நோய் இருப்பது தெரிந்ததும் 26 வயதிலேயே விளையாட்டை விட வேண்டியதாகிவிட்டது. பின்னால் இங்கிலாந்து அணியின் தேர்வாளராக இருந்தார்.

ரொபர்ட் நொக்ஸ் என்பவர் கண்டியில் சிறை இருந்தவரா, பிணம் வாங்கிய டொக்டரா?

இரண்டு பேர். உண்மையில் மூன்று பேர் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்டியில் சிறைப்பட்டவரின் அப்பா பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான்.

அப்பா கப்பல் கப்டன், மகனும் அதே கப்பலில். புயலில் பாய்மரம் ஒடிந்து, பழுதுபார்க்கத் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்த இடத்தில், 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பத்தொன்பது வருடத்துக்கும் மேலாகக் கண்டி இராச்சியத்திலேயே இருந்தார். சிறை என்றதும் இரும்புக் கம்பியை நினைக்க வேண்டாம், ஊருக்குள்ளே நடமாடலாம், நாட்டை விட்டுப் போகத்தான் முடியாது. தொப்பி பின்னி விற்றார், நெல்லுக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார், எலதெட்ட என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். 1679இல் இன்னொருவரோடு காடு வழியாக வடக்கே நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அந்தக் காலத்துக் கண்டி மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி உழுதார்கள், யாருக்கு வரி கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

டொக்டர் நொக்ஸ் நூற்றைம்பது வருடம் பிந்தியவர், 1791இல் பிறந்தவர், எடின்பரோவில் உடற்கூற்றியல் வகுப்பு நடத்தினார். மாணவர்களுக்கு அறுத்துக் காட்டப் பிணம் கிடைக்காத காலம் அது. பேர்க், ஹெயார் என்று இரண்டு பேர் 1828இல் பதினாறு பேரைக் கொன்று உடல்களை இவரிடம் விற்றார்கள். பேர்க்கைத் தூக்கில் போட்டார்கள், நொக்ஸ் மேல் வழக்கே வரவில்லை, ஆனால் ஊர் அவரை விடவில்லை. இரண்டு நொக்ஸையும் ஒரே ஆளாக்கி, "கண்டியிலிருந்து தப்பிப் போய் டொக்டரானார்" என்று எழுதிய விடைத்தாளும் உண்டு. நல்ல கதைதான், புள்ளி போட முடியாது.

அப்புறம், நக்கிள்ஸ் மலைக்கு நொக்ஸ் பெயரை வைத்தார்களா என்ற கேள்வியும் இதோடு ஒட்டிக்கொண்டே வரும். இல்லை. கையைப் பொத்திப் பிடித்தால் விரல் முட்டி தெரிகிற மாதிரி சிகரங்கள் தெரிவதால் வந்த பெயர் அது.

நுவரெலியா சாமுவேல் பேக்கரும் நைல் நதி பேக்கரும் வேறு வேறு ஆள்தானே?

இங்கேதான் சறுக்குவார்கள். அவர்கள் ஒரே ஆள். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து மாடும் ஆளும் விதையும் கொண்டுவந்து ஆங்கிலேயக் கிராமம் ஒன்றை உண்டாக்கப் பார்த்த அதே சாமுவேல் பேக்கர்தான், 1864இல் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைப் போய்ப் பார்த்து உலகத்துக்கு அறிவித்தார். ஹோட்டன் சமவெளியில் இருக்கிற பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரில்தான். யானை வேட்டையில் பெரிய வெறி, அவரே எழுதியதைப் படித்தால் வயிறு எரியும்.

இன்னொரு சாமுவேல் பேக்கரும் இருக்கிறார், அவருக்கு மலையோடு சம்பந்தமே இல்லை. 1744இல் லண்டனில் புத்தக ஏலம் தொடங்கி, பின்னால் சொதபீஸ் என்ற பெரிய ஏல நிறுவனமாக வளர்ந்ததற்கு அடித்தளம் போட்டவர்.

வி.பி. கணேசன் என்றால் சிவாஜியா?

சிவாஜி வி.சி. கணேசன், விழுப்புரம் சின்னையா கணேசன், 1928 முதல் 2001 வரை வாழ்ந்தவர். வி.பி. கணேசன் நம் ஆள். தொழிற்சங்கம் நடத்தினார், படம் தயாரித்தார், அதில் கதாநாயகனாகவும் நடித்தார். 1975இல் வந்த புதிய காற்று அவர் தயாரிப்பு, தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைப் பேசிய படம். தென்னிந்தியப் படங்கள் வாரத்துக்கு வாரம் வந்து இறங்கிய காலத்தில் இங்கே ஒரு ஆள் தமிழ்ப்படம் எடுத்து அதை ஓட வைப்பது சும்மா காரியம் இல்லை. அரசியலில் இருக்கும் மனோ கணேசனும் பிரபா கணேசனும் இவருடைய பிள்ளைகள்.

குழப்பத்துக்கு நியாயமும் உண்டு. இருவரும் நடிகர்கள், இனிஷியலில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், சிவாஜியும் இலங்கைக்கு வந்து படப்பிடிப்பில் நடித்துவிட்டுப் போயிருக்கிறார். இதில் ஜெமினி கணேசன் வேறு. பழைய ஆட்களிடம் வெறுமனே "கணேசன் படம்" என்று சொன்னால் எந்தக் கணேசன் என்று திருப்பிக் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். இப்போது தேடினால் முதலில் வருவது சிவாஜி, அடுத்து ஜெமினி, நம் ஆள் எங்கேயோ கீழே கிடப்பார். இந்தப் பக்கம் முழுக்க எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம் இதுதான்: பெரிய நாட்டுப் பெயரின் நிழலில் நம் பெயர்கள் காணாமல் போகின்றன.

மலையக மக்கள் முன்னணி சந்திரசேகரனுக்கும் நோபல் பரிசு சந்திரசேகருக்கும் என்ன உறவு?

பெயர் உறவு மட்டும். பெ. சந்திரசேகரன் 1989இல் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கியவர். 1994 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து சுயேச்சையாக வென்றார். அந்த முறை சந்திரிக்காவின் கூட்டணிக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் சேர்த்து 112 ஆசனம், ஆட்சிக்கு வேண்டியது 113. அந்த ஒரு ஆசனம் இவருடையது. தோட்டத்துப் பிள்ளை ஒருவரின் ஒற்றைக் கை கொழும்பில் அரசாங்கத்தைத் தூக்கி நிறுத்தியது என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிலாகிப்பார்கள். 2010 ஜனவரி முதலாம் திகதி காலமானார்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்த தமிழர், வானியற்பியலாளர், 1983இல் நோபல் பரிசு வாங்கியவர். வெண்குறு மீன் என்கிற, எரிந்து முடிந்த சின்ன நட்சத்திரம் ஒன்று சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு எடைக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, இருபது வயதுகூட ஆகாமல் போட்ட கணக்கு. 1999இல் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு இவர் பெயர்தான்.

பி.எஸ். சந்திரசேகர் கர்நாடகச் சுழற்பந்து வீச்சாளர். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து மெலிந்துபோன கையாலேயே பந்து வீசி 58 டெஸ்ட்டில் 242 விக்கெட் எடுத்தார். துடுப்பாட்டத்தில் அவர் எடுத்த மொத்த ஓட்டம் 167, எடுத்த விக்கெட்டைவிடக் குறைவு, இது ரசிகர்களுக்குப் பிடித்த கணக்கு. டாடா நிறுவனத்தின் தலைவர் பதவிக்கு 2017இல் வந்த ந. சந்திரசேகரன் நாமக்கல் மாவட்டத்து மோகனூர்க்காரர். அரசியல், வானம், பந்து, வியாபாரம் என்று நாலு துறையிலும் ஆள் இருக்கிற பெயர் வேறு கிடைப்பது கஷ்டம்.

முரளிதரன் இரண்டு பேரும் இலங்கைக்காரர்தானே, எப்படிப் பிரித்துச் சொல்வது?

அப்பா பெயரால். முத்தையா முரளிதரன் கண்டியில் 1972இல் பிறந்தவர், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர், அப்பா பிஸ்கட் தயாரிப்பு நடத்தினார். டெஸ்டில் 800, ஒருநாளில் 534 விக்கெட். ஷேன் வோர்னின் சாதனையை அவர் முறியடித்தது 2007 டிசம்பரில், சொந்த ஊர் அஸ்கிரிய மைதானத்திலேயே, இங்கிலாந்தின் கொலிங்வுட்டைப் போல்ட் ஆக்கி. 800ஆவது விக்கெட் 2010இல் காலியில்.

விநாயகமூர்த்தி முரளிதரன் மட்டக்களப்பு, கிரான். ஊருக்குத் தெரிந்த பெயர் கருணா. புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்து 2004இல் பிரிந்தார், பிறகு பாராளுமன்றம் போய் அமைச்சரும் ஆனார். வெளிநாட்டில் ஒருவரிடம் "இலங்கை முரளிதரன்" என்றால் அவருக்கு ஒருவர்தான் ஞாபகம் வருவார், ஆனால் 2000களின் பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டும் பிள்ளை தலைப்பை மட்டும் பார்த்து வெட்டி ஒட்டினால் ஒப்படைப்பு விபரீதமாகப் போய்விடும். கேரளத்திலும் கே. முரளீதரன், வி. முரளீதரன் என்று இரண்டு அரசியல்வாதிகள், ஒருவர் காங்கிரஸ், மற்றவர் பாரதிய ஜனதா. அவர்கள் சண்டையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

மீனாட்சியம்மாள் சமையல் புத்தகம் எழுதியவர்தானே, அவர் எப்படித் தோட்டத்தில் பாட்டுப் பாடினார்?

சமையல் புத்தகம் எழுதியது சென்னையில் வாழ்ந்த எஸ். மீனாட்சி அம்மாள். 1951இல் வந்த சமைத்துப் பார் இன்றைக்கும் விற்கிறது, கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிற புத்தகம்.

நம் மீனாட்சியம்மாள் கோ. நடேசய்யரின் மனைவி. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து, தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலாகச் சங்கம் கட்டியவர், பத்திரிகை நடத்தியவர், சட்டசபையில் பேசியவர். துரைமார் அவரைத் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள், துணி வியாபாரி மாதிரி வேஷம் போட்டு உள்ளே போனார் என்பார்கள். கூட்டம் நடக்கிற இடத்தில் நீளமாகப் பேசினால் வேலை முடிந்து களைத்து வந்த சனம் எவ்வளவு நேரம் நிற்கும்? அங்கேதான் மீனாட்சியம்மாள் வருகிறார். சனத்துக்குத் தெரிந்த மெட்டிலேயே சொல்லைப் போட்டுப் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு வீடு வரைக்கும் போகும், மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது வாயில் வரும். 1940இல் அவர் பாட்டுகள், இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற பெயரில் சின்னப் புத்தகமாகவும் வந்தன. இந்த நாட்டுத் தமிழ்ப் பெண்களில் இவ்வளவு முன்னாலேயே மேடையேறி அரசியல் பாடியவர்கள் எத்தனை பேர்? என்னைக் கேட்டால், மலையகப் பாடசாலை ஒவ்வொன்றிலும் படம் மாட்ட வேண்டிய ஆள். ஆனால் பெயரைத் தேடினால் சாம்பார்தான் வருகிறது.

அஸீஸ் என்று இரண்டு பேர் படித்தோம், ஒருவர் தொழிற்சங்கம், ஒருவர் கல்வி?

சரிதான். அப்துல் அஸீஸ் தொழிற்சங்கவாதி, மஸ்கெலியாத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர். பின்னால் அந்தக் காங்கிரசின் சௌமியமூர்த்தி தொண்டமானோடு ஒத்துப்போகாமல் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தார். ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர், இலங்கை சிவில் சேவைக்குத் தேர்வான முதல் முஸ்லிம், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர். இருவரும் ஒரே காலத்து ஆட்கள் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

இராதாகிருஷ்ணன்?

ஆசிரியர் தினக் கட்டுரையில் வருகிற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தத்துவப் பேராசிரியர், பிறகு இந்திய ஜனாதிபதி, செப்டெம்பர் 5 அவர் பிறந்த நாள். இந்தியாவில் அன்றுதான் ஆசிரியர் தினம், இங்கே ஒக்டோபரில், அதனால் இந்தியத் தளத்தில் இருந்து கட்டுரையைப் பார்த்தெழுதும் பிள்ளைகள் திகதியில் மாட்டுவார்கள். நம் வே. இராதாகிருஷ்ணன் நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர், சந்திரசேகரனுக்குப் பிந்திய மலையக மக்கள் முன்னணியின் தலைவர். கல்வி இராஜாங்க அமைச்சராகவும் இருந்தார் என்பதால் "கல்விக்குத் தொண்டாற்றிய இராதாகிருஷ்ணன்" என்று எழுதிவிட்டு இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுவிடுகிற கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. 2025இல் இந்தியத் துணை ஜனாதிபதியான திருப்பூர் சி.பி. இராதாகிருஷ்ணனையும் இனி இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தொண்டமான் புதுக்கோட்டை ராஜா குடும்பமா?

தொண்டைமான் என்பது புதுக்கோட்டை அரசர்களின் பட்டப்பெயர், வேறு குடும்பங்களிலும் புழங்குகிற பெயர். பெயரை வைத்துக்கொண்டு சிம்மாசனத்துக்கு நூல் பிடிக்கக் கூடாது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் தமிழ்நாட்டில் பிறந்து, அப்பாவின் தோட்டம் இருந்த இலங்கைக்குச் சின்னப் பையனாக வந்து, 1947இல் நுவரெலியாவின் பாராளுமன்ற உறுப்பினராகி, 1978இலிருந்து 1999இல் இறக்கும்வரை ஏறக்குறைய தொடர்ச்சியாக அமைச்சராக இருந்தவர். அவர் பேரன் ஆறுமுகன் தொண்டமான் 2020 மே மாதம் காலமானார். கோயில் கோயிலாகப் போய்ச் சிலையையும் சிற்பத்தையும் பற்றி எழுதிய பாஸ்கரத் தொண்டைமான் திருநெல்வேலி எழுத்தாளர், அவர் தம்பி ரகுநாதனும் எழுத்தாளர். அவர்கள் தனி.

எந்த ராஜசிங்கனைக் கண்டியில் பிடித்தார்கள்?

கடைசி ஆள், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, 1815 பெப்ரவரியில் பிடிபட்டு, 1832இல் வேலூரில் இறந்தார். இங்கே ராஜசிங்கன் என்பது பட்டம் மாதிரி. சீதாவாக்கையில் முதலாம் ராஜசிங்கன், நொக்ஸைப் பிடித்து வைத்த இரண்டாம் ராஜசிங்கன், பிறகு நாயக்க வம்சத்தில் ஸ்ரீ விஜய, கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, விக்கிரம என்று வரிசையாக நாலு பேர். பரீட்சையில் முன்னடையை விட்டு வெறும் "ராஜசிங்கன்" என்று எழுதினால் நான் புள்ளி போடமாட்டேன்.

வேலுப்பிள்ளை என்றாலே பிரபாகரனின் அப்பா பெயர்தான் வருகிறது, வேறு யாரும் இல்லையா?

நம் சி.வி. வேலுப்பிள்ளை இருக்கிறாரே! 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைப் பாராளுமன்ற உறுப்பினர், ஆங்கிலத்தில் கவிதை, தமிழில் நாவல். லயத்துச் சனம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், பாடிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்து 1983இல் புத்தகமாக்கினார், அடுத்த வருடம் இறந்துபோனார். அவர் அதைச் செய்திராவிட்டால் அந்தப் பாட்டுகளில் பாதி அப்படியே போயிருக்கும். கல்லடி வேலுப்பிள்ளை வயாவிளான்காரர், யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர், இவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் இனிஷியலில் உள்ள வி எழுத்தும் வேலுப்பிள்ளைதான். 1947 பாராளுமன்றத்தில் அவரும் சி.வி.யும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். மறு வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தில் நம் சனம் நாடற்றவர்களானபோது அதை எதிர்த்தவர்களில் செல்வநாயகம் முன்வரிசை.

நம் எழுத்தாளர்கள் ஏன் பெயருக்கு முன்னால் ஊரைப் போடுகிறார்கள்?

இதே சிக்கலுக்குத்தான், வேறென்ன. ஜோசப் என்று சொன்னால் தோட்டத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், தெளிவத்தை ஜோசப் என்றால் ஒருவர்தான். 1934இல் பதுளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்துப் பெயரையே முன்னால் மாட்டிக்கொண்டு, 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது வாங்கினார். மாத்தளை சோமு என்றால் நம் கதைக்காரர். மீ.ப. சோமு என்றால் பயணக் கட்டுரைக்கு 1962இல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய வானொலிக்காரர்.

எழுத்தாளர் மட்டுமில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டையில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனை ஊர் முல்லோயா கோவிந்தன் என்றே வைத்திருக்கிறது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியை எடுப்பதற்கு எதிராக நின்றபோது சுடப்பட்ட லெட்சுமணனுக்கு அப்பா பெயர் முன்னால், சிவனு லெட்சுமணன். இது இல்லாமல் லட்சுமணன் என்று மட்டும் போட்டுப் பாருங்கள், 2001இல் கொல்கத்தாவில் 281 அடித்த கிரிக்கெட்காரர் வருவார், கார்ட்டூன் போட்ட ஆர்.கே. லட்சுமண் வருவார், கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர்கூட வருவார். தோட்டத்து லெட்சுமணன் வரமாட்டார்.

சரி, அப்போ எப்படித்தான் தேடுவது?

பெயரோடு ஊரையும் ஒரு வருடத்தையும் சேர்த்துப் போடுங்கள். அப்பா பெயர் தெரிந்தால் அதையும். நம் ஆட்களின் பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல் உண்டு, லெட்சுமணன், லட்சுமணன், இலட்சுமணன் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கவழிநெறிப்படுத்தல் என்று தலைப்பில் இருந்தால் அது ஒரே பெயருள்ள ஆட்களின் பட்டியல், அதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் மலையக வெளியீடுகளும் நிறைய ஸ்கேன் செய்து கிடக்கின்றன, மீனாட்சியம்மாள் மாதிரி ஆட்களைத் தேட அதுதான் நல்ல இடம். படத்தை மட்டும் பார்த்து நம்பவே வேண்டாம், தேயிலை டெய்லர் பற்றிய பதிவில் பாடகர் டெய்லரின் படம் வந்து கிடக்கும்.

பிரபலம் எல்லாம் இருக்கட்டும், எங்கள் லயத்திலேயே ஒரே பெயரில் மூன்று பேர். சேமலாப நிதிக் காசு மாறிப் போகாதா?

போகலாம், போயும் இருக்கிறது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், பெரிய ராமசாமி, சின்ன ராமசாமி என்று கிளாக்கர் எழுதியது அந்தத் தோட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும், வெளியே எந்தக் கந்தோரிலும் செல்லாது. அங்கே ஆளைப் பிரிப்பது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், 2016இலிருந்து கொடுப்பதில் பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதியதில் வருடம் நாலு இலக்கமாக முழுதாக இருக்கும், மற்றக் கணக்கு அதேதான். அதனால் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவர் பெயர், அப்பா பெயர் எல்லாம் உங்களுடையதைப் போலவே இருந்தாலும் இலக்கம் ஒன்றாக இராது. சம்பளச் சீட்டிலும் சேமலாப நிதிப் பத்திரத்திலும் உங்கள் இலக்கம்தான் இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ராமசாமி, அட்டையில் இராமசாமி என்று எழுத்து மாறியிருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் பேசி, ஓய்வு பெறுகிற வயதுக்கு முன்னாலேயே திருத்தப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயதில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குவது லேசான வேலை இல்லை.